இரத்தசாட்சி சுரூபம் விற்கிறான்

தம்பி,

"கிறிஸ்துவுக்குள் பிரியமான மகனுக்கு" என்று தொடங்கினால் நீ முதல் வரியிலேயே ஏமாந்துவிடுவாய். அதனால் வெறும் தம்பி. நீ அனுப்பிய அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. வழவழ தாள், தங்க எழுத்து, உன் பெயருக்கு முன்னால் 'சகோதரர்', பின்னால் 'இயக்குநர்'. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பயிற்சி மையத்தின் பொறுப்பை உன் தலையில் ஜெபித்து வைக்கப் போகிறார்கள். மேடையில் 'நிறுவனர்' என்று எனக்கும் ஒரு நாற்காலி. அழைப்பிதழில் அதற்கு அடுத்த வரியில், அன்றைக்கே திறக்கப்போகும் புது வகுப்பறையின் பெயர்: இரத்தசாட்சி அருள்தாஸ் நினைவு அரங்கம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். "என்னங்க, எழுத்துப் பிழையா?" என்று உன் அம்மா கேட்டாள். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அருள்தாஸ் சாகவில்லை, அதுதான் பிழை. விவேக் நகரில், கோயில் தெருவில், மெழுகுவர்த்தியும் மாதா சுரூபமும் விற்றுக்கொண்டிருக்கிறான்.

இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் நேரம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது சொல்வதும் தைரியத்தால் அல்ல. உயிரோடு இருப்பவனுக்கு நினைவு அரங்கம் திறந்தால் என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால். எழுபத்திரண்டு வயதில் எனக்கு மிச்சம் இருக்கும் நேர்மை இவ்வளவுதான். இந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து உன் கமிட்டிக்கும், இந்த வருஷம் உன்னிடம் சேர்ந்திருக்கும் பயிற்சியாளர்களுக்கும் கொடுக்கப் போகிறேன். உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும்.

இந்தப் பயிற்சியை நான் தொடங்கியபோது உன்னிடம் இருப்பதுபோல கம்ப்யூட்டரும் திரையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய வாத்தியார் நான். சபைத் தலைவர்களைத் தயார் செய்வது என்றால் நாலு சுவருக்குள் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என்றிருந்த காலத்தில், "எழுந்து வாங்கப்பா, மண்ணுல நின்னு படிங்க" என்று சனிக்கிழமைதோறும் ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் நம் பழைய கோயில், அப்புறம் கன்டோன்மென்ட் கல்லறைத் தோட்டம், கடைசியில் பொம்மசந்திரா கம்பெனிகளுக்கு நடுவே தொழிலாளர்கள் ஜெபம் நடத்தும் தகரக் கொட்டகை. எங்கே நின்றாலும் மூன்று கேள்வி. இது யார் நிலம்? இதைக் கட்டியது யார்? இந்தக் கல்லில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது? மூன்றாவதற்குப் பதில் தேடாதவன் சபையை நடத்த லாயக்கில்லை என்று மார்தட்டுவேன். அந்த மூன்று கேள்வியைத்தான் நீ இப்போது பனியனில் அச்சடித்து சாப்ட்வேர் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுகிறாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. துவைத்தால் சாயம் போகாமல் இருந்தால் சரி.

நம் குடும்பத்துக்கு சரித்திரத்தைப் பாலிஷ் போடும் வியாதி உண்டு. உன் கொள்ளுத் தாத்தா வெள்ளைக்கார ரெஜிமென்ட் ஆபீசில் பெரிய குமாஸ்தாவாக இருந்தார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீயும் உன் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் அதைச் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் ஒரு கேப்டன் வீட்டில் சமையல்காரர். சமையலில் கேவலம் ஒன்றுமில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாகத் தலை நிமிர்ந்து நடக்கிறோமே, அந்த நடை அந்தக் குமாஸ்தா உத்தியோகத்தில் நிற்கிறது. அவர் கல்லறை இருக்கும் வரிசைக்கு மட்டும் நான் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. "அந்தப் பக்கம் பாம்பு இருக்கு" என்று சொல்லிவிடுவேன்.

அருள்தாஸ் அந்தப் பாம்புக்குப் பயப்படவில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷ வகுப்பில் மூன்றே பேர். இரண்டு பேர் நம் சபையின் பழைய குடும்பத்துப் பிள்ளைகள். மூன்றாவது அவன். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பொம்மசந்திராவில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தகரக் கொட்டகையில் ஜெபம் நடத்துவான். உபதேசியார் ஆகவேண்டும் என்று ஆசை. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். கன்னடம் அதைவிட மோசம். ஆனால் என் மூன்றாவது கேள்விக்கு அவனைப்போல யாரும் பதில் சொன்னதில்லை. கோயில் சுவரில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன். மற்ற இரண்டு பேரும் பிஷப், கர்னல் என்று யோசித்துக்கொண்டிருக்க, அவன், "சுண்ணாம்பு அரைச்ச பொம்பளைங்க பேரு இல்லியே சார்" என்றான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் நான் வேறு பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் அந்த வரிசைக்குப் போய்த் தோளில் கிடந்த துண்டால் ஒரு கல்லின் பாசியைத் துடைத்திருக்கிறான். "சார், உங்க வூட்டுப் பேரு போட்ட கல்லு ஒண்ணு கீது!" என்று அங்கிருந்தே கத்தினான். நாங்கள் போய்ச் சேருவதற்குள் விரல் வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிட்டான். "சி, ஓ, ஓ, கே... குக்கு! சமையல்காரரு சார்!" அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. "எங்க தாத்தாவும் சமையல்தான் சார். வேலூர்ல துரை வூட்ல." தன் வாத்தியாரும் தன் ஜாதி ஜனம் மாதிரி என்று அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான், "அது வேற குடும்பம்" என்றேன். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி நடந்ததற்கு வெறும் பயம்தான் காரணம் என்று நீ எனக்காக வக்காலத்து வாங்குவாய்.

அந்த டிசம்பரில் காவிரித் தகராறில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. தமிழர்களை அடிக்கிறார்கள் என்ற சேதி வீட்டுக்கு வீடு ஓடியது. "இன்னைக்கு வேணாங்க, பால்காரரே பயந்துக்கிட்டு வரல" என்று உன் அம்மா கதவருகில் நின்று சொன்னாள். அது பயிற்சியின் கடைசிப் பாடம். பொம்மசந்திராவில் அருள்தாஸ் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய நாள். கம்பெனிகள் வருவதற்கு முன்னால் அங்கே ராகி விளைந்த நிலம் யாருடையது, விற்றவர்கள் இப்போது எங்கே என்று, தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் அந்த ஊர்க் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தான். அவன் வராமல் இருந்திருப்பான். "சார், அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" என்று, எங்களைக் கூட்டிப்போகக் காலையில் கோயிலுக்கு வந்தபோது கேட்டவனே அவன்தான். "தலைவனா ஆகணும்னு வந்துட்டு, பாடம் எடுக்குற முதல் நாளே நடுங்குறியா?" என்று நான்தான் அவனைப் பஸ் ஏற்றினேன். எனக்கு என்ன பயம்? நான் வாயைத் திறந்தால் என்னைத் தமிழன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் கன்னடம் அப்படி.

ஓசூர் ரோட்டில், பொம்மசந்திராவுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். கையில் கட்டை. முன் சீட்டிலிருந்த என்னிடம்தான் முதலில் வந்தார்கள். நான் எழுந்து நின்று, ஊர் நிலவரம் பற்றி அவர்களோடு சுத்தமான கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினேன். ஒருவன் என்னை 'மேஷ்ட்ரே', வாத்தியாரே, என்று மரியாதையாகக் கூப்பிட்டான். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? நம்பு. மற்ற இரண்டு பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள், தப்பித்தார்கள். அருள்தாஸிடம் பெயர் கேட்டார்கள், சொன்னான். ஊர் கேட்டார்கள், பொம்மசந்திரா என்றான். கம்பெனி வேலையா என்று கேட்டார்கள். 'ஹௌது' என்று சொல்ல வேண்டியவன் வாயில் 'ஆமா' வந்துவிட்டது. ஒரே ஒரு ஆமா.

கண்டக்டர் ஒரு கன்னடக்காரர். ஐம்பது வயது இருக்கும். பெயர் தெரியாது, அதற்கு முன் எங்களைப் பார்த்ததும் இல்லை. அவர் கூட்டத்துக்கு நடுவே புகுந்து, "இவனு நம்ம ஹுடுகா, மாலூர் கடே" என்றார். நம்ம பையன்தான், மாலூர் பக்கம், அங்கே இப்படித்தான் கலந்து பேசுவார்கள் என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றப் பார்த்தார். கட்டைகள் தாழ்ந்தன. அவர்களும் விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என்னை மேஷ்ட்ரே என்று கூப்பிட்டவன் திரும்பி என்னிடம் கேட்டான், "ஹௌதா மேஷ்ட்ரே?" நிஜமா என்று. நான் ஹௌது என்று சொல்லியிருந்தால் போதும். "கொத்தில்ல" என்றேன். தெரியாது. பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் வருஷா வருஷம் தன் ஆண்டவரையே தெரியாது என்று சொன்ன ஒரு சீஷனை இதற்காகக் கிழித்துத் தோரணம் கட்டுகிறோம். அந்த ஆள் பாவம், வெளியே போய் மனங்கசந்து அழுதான். நான் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டேன்.

சாப்பிடும்போதுதான் கதை பிறந்தது. "எங்க அந்த அருள்தாஸ்?" என்று உன் அம்மா கேட்டாள். "அவனே இறங்கிட்டான்" என்று வாயில் வந்தது. அவ்வளவுதான், யோசித்துச் சொல்லவில்லை. மறுநாள் கோயிலில் கமிட்டி கேட்டபோது அது கொஞ்சம் வளர்ந்தது. எங்களைக் காப்பாற்ற அவனே எழுந்து, "நான் தமிழன், இவங்கள விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டு இறங்கினான் என்றேன். கூட இருந்த இரண்டு பிள்ளைகளும் மறுத்துப் பேசவில்லை. அவர்களும் பஸ்ஸில் வாய் திறக்காதவர்கள்தானே. ஒருவன் கனடா போனான், இன்னொருவன் சபைக்கு வருவதையே விட்டான். அருள்தாஸை நான் தேடவில்லை. ஊர் அடங்கிய பிறகும் தேடவில்லை. அவன் கம்பெனிக்குத் திரும்பவில்லை என்று கொட்டகை ஆட்கள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அடித்தே கொன்றிருப்பார்கள் என்று சபை முடிவு கட்டியது, நானும் ஆமென் போட்டேன். அடுத்த வருஷமே அந்த பஸ் ஸ்டாப்பை என் பாடத்தில் சேர்த்துவிட்டேன். நிலத்தையும் சரித்திரத்தையும் வைத்துத் தலைவர்களை உருவாக்குகிற மகா வாத்தியார், சொந்தப் பாவத்தை ஒரு ஸ்டாப் ஆக்கி அங்கே ஆட்களை நிறுத்திக் கண்ணை மூடி ஜெபிக்க வைத்தேன்.

உனக்கு அப்போது பதினாறு வயது. வாலிபர் முகாமில் நான் அந்தக் கதையைச் சொன்ன மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? நான் முடிப்பதற்குள் நீ எழுந்து முன்னால் வந்து முழங்கால் போட்டாய். "நானும் அவர மாதிரி இறங்குவேன்" என்று அழுதாய். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் உன் தலையில் கை வைத்தேன். அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் உன்னைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. நல்ல சம்பளத்தில் வந்த கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு நீ இந்த ஊழியத்துக்கு வந்தது, உன் மனைவி இன்றைக்கும் அதற்காக முணுமுணுப்பது, வாடகை வீட்டில் நீங்கள் கஷ்டப்படுவது, எல்லாம் நான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்ன ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. உனக்குக் கிடைத்த அழைப்பு ஆண்டவரிடமிருந்து வந்ததா, என்னிடமிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. நீயே உட்கார்ந்து யோசித்துக்கொள். அதில் நான் உனக்கு உதவ முடியாது, நான் சொல்லும் எதையும் இனி நீ நம்பவும் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மாவின் தோழிக்காக மெழுகுவர்த்தி வாங்க விவேக் நகர் போனபோது அவனைப் பார்த்தேன். கடையில் மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. "சார், நல்லாகீறீங்களா?" என்றான். அவனே பேசினான். ஓசூர் ரோட்டோரச் சாக்கடையிலிருந்து அந்த கண்டக்டர்தான் அவனைத் தூக்கி ஆஸ்பத்திரியில் போட்டாராம். இடது காது போய்விட்டது. ஊருக்குப் போய் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, விவேக் நகர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மாமனார் கடைக்கு வந்துவிட்டான். "நம்ம சபையில சுரூபமே கூடாதும்பீங்க. இப்ப அதான் சார் சோறு போடுது" என்று சிரித்தான். நான் மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ அந்த ஸ்டாப்பில் அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்கிறாய் என்று எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

புதன்கிழமை உன் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, நான் கட்டிய கதை முழுவதையும் சொல்லி, கார்டைக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தான். "இரத்தசாட்சியா? அப்ப நான் செத்துட்டேனா சார்?" என்றான். அவன் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே வுட்டாச்சு சார்" என்றான். எல்லாவற்றையும் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுக்கப் போகிறேன், அவனுக்குச் சம்மதமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா எதையும் வுட்றாதீங்க" என்றான்.

அதனால் மேலே நான் விட்ட ஒன்றை எழுதுகிறேன். கொத்தில்ல என்று நான் சொன்னதும் அவர்கள் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மணிக்கட்டுக்கு மேலே, இரண்டு கையாலும். "சார், சார்" என்றான். அவர்கள் எதிரில் எனக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருப்பது போலத் தெரிந்துவிடும் என்று, நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வராத விரலை நகத்தால் கீறிப் பிரித்தேன். அது உன் அம்மாவுக்கும் தெரியாது.

இத்தோடு முடித்திருப்பேன். கிளம்பும்போது அருள்தாஸ், "உங்க பையனை எனக்குத் தெரியும் சார்" என்றான். போன வருஷம் பொம்மசந்திராவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அந்த ஸ்டாப்பில் ஒரே நிற பனியன் போட்ட இருபது பேர் நடுவில் நீ நின்று பேசிக்கொண்டிருந்தாயாம். பெயர் காதில் விழுந்ததும் கிட்டே வந்து உன் கையைத் தொட்டு, "தம்பி, நான்தாம்பா அருள்தாஸு" என்றானாம். நீ கதையின் உச்சத்தில் இருந்தாய் போல. "ஐயா, இங்க ப்ரேயர் நடக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லி அவன் கையை எடுத்துவிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது. அழுக்குச் சட்டை, கோணல் தாடை, யாரோ குடிகாரன் என்று நினைத்திருப்பாய். நான் தலை குனிந்து நின்றேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான்.

"வருத்தப்படாதீங்க சார். உங்கள மாதிரி இல்ல, பையன் மெதுவாத்தான் எடுத்தாரு."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாசலில் நில்.

அப்பா